முதல் தடவை 82 சதவீதம் வந்த ரியாக்ஷன், அப்புறம் வரவே மாட்டேன் என்கிறது

மூன்றுகழுத்துக் குடுவை எழுதியது:

வேதியியலில் பிஎச்டி, இரண்டாம் வருடம் முடியப் போகிறது. கரிம வேதியியல், பலேடியம் கப்ளிங் (பலேடியத்தை வினையூக்கியாக வைத்து இரண்டு மூலக்கூறுகளை இணைப்பது). ஐந்து வாரமாகத் தூக்கம் சரியில்லை. லேப்பில் கேட்கவேண்டியவர்களிடம் எல்லாம் கேட்டாயிற்று, அதனால்தான் இங்கே.

ஒரு சுசுகி கப்ளிங், அதாவது ஒரு அரைல் (பென்சீன் மாதிரி வளையம்) புரோமைடையும் ஒரு போரோனிக் அமிலத்தையும் ஒட்டவைப்பது. அரைல் புரோமைடு ஒன்று (எது என்று சொன்னால் கைடு என்னை உரித்துவிடுவார், மன்னிக்கவும்), 4-மெத்தாக்சிபீனைல் போரோனிக் அமிலம் 1.5 ஈக்விவலன்ட் (புரோமைடு ஒரு மோல் என்றால் இது ஒன்றரை மோல்), பலேடியம் அசிடேட் 2 மோல் சதவீதம், எஸ்ஃபாஸ் (பலேடியத்தைப் பிடித்துக்கொள்ளும் லிகண்ட், ஒரு பாஸ்பீன்) 4 மோல் சதவீதம், பொட்டாசியம் பாஸ்பேட் (பேஸ், அதாவது காரம்) 2 ஈக்விவலன்ட், டொலுவீன் 2.5 மி.லி., 100 டிகிரி, இரவு முழுக்க. 0.5 மில்லிமோல் அளவில். 2010-இல் நோபலே கொடுத்து முடித்துவிட்ட ரியாக்ஷன். எங்கள் புரோமைடில் பக்கத்திலேயே ஒரு நைட்ரஜன் உட்கார்ந்திருப்பதால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்றுதான் எதிர்பார்த்தோம்.

முதல் தடவை போட்டது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். வருகிறதா இல்லையா என்று சும்மா பார்ப்பதற்காகப் போட்டது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு அலட்சியம். டொலுவீனை உலர்த்தவில்லை, பாட்டிலில் இருந்து அப்படியே. பாஸ்பேட் அலமாரியில் கிடந்த பழைய டப்பாவில் இருந்து. கட்டி தட்டிப் போயிருந்தது, ஸ்பேட்டுலாவால் குத்தி உடைத்துத்தான் எடுத்தேன். ஸ்டர் பார்கூட யாரோ போட்டுக் கருத்துப் போனது. ஆர்கான் ஐந்து நிமிடம் விட்டேன், மூடினேன், வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் டிஎல்சியில் (எது மிச்சம் என்று சின்னத் தட்டில் பார்க்கும் சோதனை) புரோமைடு சுத்தமாகக் காணோம். காலம் போட்டு (சிலிக்கா நிரப்பிய குழாயில் ஓட்டிப் பிரித்து) 107 மி.கி. எடுத்தேன். மூலக்கூறு எடை 260. கணக்குப் போட்டால் ஈல்டு (வரவேண்டியதில் வந்த பங்கு) 82 சதவீதம்.

திங்கட்கிழமை கைடிடம் காட்டினேன். அன்றைக்கே ஸ்லைடில் ஏறிவிட்டது. அடுத்த வாரம் வேறொரு கூட்டத்தில் அவர் அதை நாலு பேருக்குக் காட்டியும் விட்டார்.

சரி, இனி ஒழுங்காகச் செய்வோம் என்று ஆரம்பித்தேன். டொலுவீன் 3 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறு சல்லடையில் இரண்டு நாள். பாஸ்பேட் புது பாட்டில், நீரற்றது. புது ஸ்டர் பார். 31 சதவீதம். காற்று புகுந்திருக்கும் என்று நினைத்து, போரோனிக் அமிலத்தை ஒரு ராத்திரி வெற்றிடத்தில் வைத்து, அடுத்ததைக் கூடுதல் கவனத்தோடு போட்டேன்: 24. பாஸ்பேட்டையும் வெற்றிடத்தில் சூடாக்கி, எல்லாவற்றையும் குளோவ் பாக்ஸுக்குள் (காற்றும் ஈரமும் புகாத பெட்டி) எடைபோட்டேன்: 11. பலேடியத்தை 5 மோல் சதவீதமாக ஏற்றினேன்: 33. வெப்பத்தை 110-க்குக் கொண்டுபோனேன்: 17. இப்படிப் பதினொரு தடவை. ஒன்றுகூட 35-ஐத் தாண்டவில்லை.

உனக்குக் கைராசி போய்விட்டது என்று பக்கத்து மேசைக்காரன் சிரிக்கிறான். கைடு சிரிக்கவில்லை. ஈல்டு கேட்டால் 'இன்னும் ஆப்டிமைஸ் பண்றேன் சார்' என்று ஒவ்வொரு வாரமும் சொல்லி ஓட்டுகிறேன்.

எங்கே இருந்து தேட ஆரம்பிப்பது? அவரிடம் என்னவென்று சொல்வது?


காலம் ஓட்டுபவன் எழுதியது:

11 வந்தது சரி. மீதி 89 எங்கே?

பதினொரு தடவை போட்டதாக எழுதியிருக்கிறீர்கள், ஒரு தடவையாவது மிச்சம் என்ன ஆனது என்று பார்த்தீர்களா? ரியாக்ஷன் 'வரவில்லை' என்பது ஒரு விடை இல்லை. புரோமைடு அப்படியே கிடக்கிறதா, அல்லது புரோமின் கழன்று அந்த இடத்தில் ஹைட்ரஜன் ஏறிவிட்டதா? போரோனிக் அமிலம் போரானை உதறிவிட்டு அனிசோலாகப் போனதா? அல்லது தனக்குள்ளேயே ஜோடி சேர்ந்து 4,4'-டைமெத்தாக்சிபைபீனைல் ஆனதா? கடைசியில் சொன்னது நிறைய இருந்தால் ஆக்சிஜன் புகுந்திருக்கிறது. அனிசோல் நிறைய இருந்தால் கப்ளிங்கை முந்திக்கொண்டு போரோனிக் அமிலம் செத்துப்போகிறது. புரோமைடு அப்படியே இருந்தால் கதையே வேறு. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் தனித்தனி.

இன்னொன்று, தயவுசெய்து காலம் போட்ட எடையை வைத்துத் துப்பறியாதீர்கள். அதில் ரியாக்ஷனோடு உங்கள் காலம் போடும் திறமையும் கலந்திருக்கும். ரியாக்ஷன் முடிந்ததும் 1,3,5-ட்ரைமெத்தாக்சிபென்சீனைத் துல்லியமாக எடைபோட்டு, ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாகச் சேருங்கள், கொஞ்சம் எடுத்து வடிகட்டி நேராக என்எம்ஆர் (ஹைட்ரஜன்களை எண்ணிக் காட்டும் நிறமாலை). 3.77-இல் வரும் பீக் உங்கள் மெத்தாக்சியோடு முட்டும், அதை விட்டுவிடுங்கள். 6.09-இல் மூன்று ஹைட்ரஜனுக்குத் தனியாக ஒரு பீக் வரும், அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஸ்கேன்களுக்கு நடுவில் காத்திருக்கும் நேரத்தை 30 விநாடிக்கு ஏற்றுங்கள், இல்லாவிட்டால் இன்டக்ரேஷன் (பீக்கின் பரப்பு) பொய் சொல்லும்.

கடைசியில் கரைசல் என்ன நிறம்? அதையும் எழுதுங்கள்.


கரும்பலேடியம் எழுதியது:

எனக்கு அந்தக் கருத்துப்போன ஸ்டர் பார் மேல்தான் சந்தேகம். டெஃப்ளான் வழுவழு என்று இருக்கும் என்றுதான் நினைக்கிறோம். கொஞ்ச நாள் ஓடினால் நுண்ணிய கீறல் விழுந்து, முந்தைய ரியாக்ஷனின் உலோகம் அதில் போய் ஒளிந்துகொள்ளும். 2019-இல் அனனிகோவ் குழு இதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக் கட்டுரையே எழுதியிருக்கிறது. கழுவினாலும் முழுக்கப் போகாது.

இந்தத் துறையின் சரித்திரத்தில் பாதி இப்படித்தான். குரோமியம் குளோரைடை வைத்துச் செய்யும் நோசாகி-ஹியாமா-கிஷி ரியாக்ஷன் ஒரு பாட்டிலில் வரும், இன்னொன்றில் வராது. 1986-இல்தான் பிடித்தார்கள், வேலை செய்தது குரோமியத்தில் கலந்திருந்த துளி நிக்கல். உங்கள் சுசுகியிலேயே, உலோகமே இல்லாமல் வருகிறது என்று 2003-இல் லெட்பீட்டர் குழு அறிவித்தது. 2005-இல் அவர்களே திரும்பிப் பார்த்து, கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் 50 பிபிபி பலேடியம் இருந்தது, அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது என்று எழுதினார்கள். பில்லியனில் 50 பங்கு! 2021-இல் அமீன் மட்டும் வைத்து சுசுகி செய்ததாக வந்த ஒரு கட்டுரை, அந்த அமீனைத் தயாரிக்கும்போது ஒட்டிக்கொண்ட பலேடியத்தால் அதே வருடம் திரும்பப் பெறப்பட்டது.

பழைய ஸ்டர் பாரைத் தேடிக் கண்டுபிடித்துப் போட்டுப் பாருங்கள்.


காலம் ஓட்டுபவன் எழுதியது:

@கரும்பலேடியம், கதைகள் எல்லாம் உண்மை, ஆனால் இவர் கேஸுக்குப் பொருந்துமா? அங்கெல்லாம் பலேடியம் போடாத இடத்தில் பலேடியம் இருந்தது. இவர் கையாலேயே 2 மோல் சதவீதம் போடுகிறார், அதாவது 20,000 பிபிஎம் (மில்லியனில் 20,000 பங்கு). அதற்கு மேல் ஸ்டர் பாரில் இருந்து நாலு துகள் வந்தால் கடலில் கரைத்த பெருங்காயம்தான். வேண்டுமானால் போட்டுப் பாருங்கள், ஒரு ராத்திரி வேலைதானே.


மூன்றுகழுத்துக் குடுவை எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. மூன்று குடுவை போட்டேன்.

முதலாவது வழக்கமான 'சுத்தமான' முறை, ட்ரைமெத்தாக்சிபென்சீனோடு. பொருள் 14, புரோமைடு அப்படியே 81. அனிசோல் கொஞ்சம். டைமெத்தாக்சிபைபீனைல் 2-க்கும் கீழே. நிறம் வெளிர் மஞ்சள், கருப்பு படியவே இல்லை. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது, முதல் தடவை மறுநாள் காலையில் அடியில் கருப்பாகப் படிந்திருந்தது.

இரண்டாவது, கருத்த ஸ்டர் பாரோடு. (கிடைத்தது, ஆனால் அதேதானா என்று சத்தியம் செய்ய மாட்டேன். டப்பாவில் கருத்தது நாலு இருந்தது.) பொருள் 16.

மூன்றாவது, அதே ஸ்டர் பார், பலேடியம் போடாமல். பூஜ்ஜியம்.

ஆகவே ஸ்டர் பார் இல்லை. ஆக்சிஜனும் இல்லை போலிருக்கிறது. புரோமைடு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறது. கேட்டலிஸ்ட்டே மோசமா? பலேடியம் அசிடேட்டில் நைட்ரைட் கலந்த மாசு இருக்கும் என்று படித்தேன், பாட்டிலை மாற்றலாமா?


பழைய பாஸ்பீன் எழுதியது:

தம்பி, பாட்டிலை மாற்றுவதற்கு முன்னால் உங்கள் முதல் பதிவை நீங்களே ஒரு தடவை மேலிருந்து கீழாகப் படியுங்கள். விடையை எழுதிவிட்டுத்தான் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்.

அலட்சியமாகச் செய்தது 82. டொலுவீனை உலர்த்தியது 31. போரோனிக் அமிலத்தையும் உலர்த்தியது 24. பாஸ்பேட்டையும் உலர்த்திக் குளோவ் பாக்ஸுக்குள் போனது 11. ஒவ்வொரு படியிலும் நீங்கள் வெளியே எடுத்துக்கொண்டே போனது ஒரே ஒரு பொருளைத்தான். தண்ணீர்.

பொட்டாசியம் பாஸ்பேட் தண்ணீர் குடிப்பதில் பெரிய ஆள். மாவு மாதிரி இருந்தது பாறையாகி, குத்தி உடைக்கவேண்டிய நிலைக்கு வந்தால் அதற்குள் எவ்வளவு ஏறியிருக்கும் என்று யோசியுங்கள். 'அலட்சியம்' என்று நீங்கள் வெட்கப்பட்டு எழுதிய வரிதான் உங்கள் ரீயேஜென்ட்.

காரணம் இப்படி. புரோமைடு பலேடியத்தில் ஏறுகிறது, அது பிரச்சினை இல்லை. அடுத்து போரானில் இருக்கும் அரைல் பலேடியத்துக்குத் தாவ வேண்டும். தாவுவதற்கு ஒரு ஹைட்ராக்சைடு பாலம் போட வேண்டும். 2011-இல் கேரோவும் ஹார்ட்விக்கும் இதைப் பிரித்துப் பார்த்தார்கள்: அவர்கள் எடுத்துக்கொண்ட பாஸ்பீன் சேர்மங்களில், பலேடியம்-ஹைட்ராக்சைடோடு சாதாரண போரோனிக் அமிலம் சேரும் வேகம், பலேடியம்-ஹாலைடோடு போரேட் (ஹைட்ராக்சைடு ஏறிய போரோனிக் அமிலம்) சேரும் வேகத்தைவிடப் பல மடங்கு அதிகம். தண்ணீரே இல்லாத டொலுவீனில் ஹைட்ராக்சைடுக்கு எங்கே போவது? பாஸ்பேட்டும் டொலுவீனில் கரையாது, அடியில் மணல் மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். கொஞ்சம் தண்ணீர் இருந்தால் அந்த மணலின் மேல் ஒரு ஈரப்படலம் உருவாகி, அங்கேதான் எல்லாம் நடக்கும்.

போரோனிக் அமிலத்தை ராத்திரி முழுக்க வெற்றிடத்தில் வைத்தது வேறு. மூன்று மூலக்கூறு சேர்ந்து மூன்று தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு போராக்சின் வளையமாகிவிடும். நீங்கள் உலர்த்தினீர்களே, அது ஈரம் மட்டும் இல்லை, பொருளையே மாற்றியிருக்கிறீர்கள். கொஞ்சம் தண்ணீர் கொடுத்தால் திரும்பி வரும், கவலை வேண்டாம்.

அனுபவத்தில் சொல்கிறேன். என் மூன்றாம் வருடத்தில் ஒரு காப்பர் ரியாக்ஷன், அலமாரியின் பின்வரிசையில் இருந்த ஒரே ஒரு டிஎம்எஃப் (ஒரு கரைப்பான்) பாட்டிலில் மட்டும்தான் வரும். மற்ற எல்லா பாட்டிலிலும் பட்டை நாமம். அந்த பாட்டிலில் 200 மி.லி. மிச்சம் இருக்கும்போது பயம் வந்துவிட்டது, சொட்டுச் சொட்டாகக் கஞ்சத்தனம் பண்ணி உபயோகித்தேன். ஒரு நாள் மூடியைத் திறந்தபோது மீன் வாடை. டிஎம்எஃப் பழசாகி உடைந்து டைமெத்தில் அமீன் வந்திருக்கிறது, அது காப்பருக்கு லிகண்டாக நின்றிருக்கிறது. கடைசியில் புது டிஎம்எஃப்பில் இரண்டு சொட்டு அமீன் விட்டால் வேலை முடிந்தது. ஆறு மாதம் அந்த பாட்டிலைச் சாமி மாதிரி வைத்திருந்தேன், ஒரு நாளாவது மோந்து பார்க்கவில்லை.

செய்யவேண்டியது: உங்கள் மிகச் சுத்தமான முறையை அப்படியே வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் அளந்து விடுங்கள். 0, 9, 27, 90 மைக்ரோலிட்டர். உங்கள் அளவுக்கு அது 0, 1, 3, 10 ஈக்விவலன்ட். வேறு எதையும் தொடக் கூடாது. ஐந்தாவதாக, அந்தப் பழைய டப்பா பாஸ்பேட், தண்ணீர் சேர்க்காமல். டப்பா இன்னும் இருக்கிறதுதானே? தூக்கிப் போட்டிருந்தால் அழுதுவிடுவேன். டிஜிஏ (சூடாக்கும்போது எடை எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் கருவி) வசதி இருந்தால் அதில் ஒரு சிட்டிகை ஓட்டுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த 82 உண்மையிலேயே 82-தானா? வெள்ளிக்கிழமை அவசரத்தில் போட்டதை எவ்வளவு நேரம் பம்ப்பில் வைத்தீர்கள்? பழைய என்எம்ஆரை எடுத்து 4.12-இல் நாலு கிளையாக ஒன்று நிற்கிறதா பாருங்கள். கூடவே 2.05, 1.26. மூன்றும் இருந்தால் மிச்சம் நின்ற கரைப்பானான எத்தில் அசிடேட்டையும் சேர்த்து எடைபோட்டிருக்கிறீர்கள்.


மூன்றுகழுத்துக் குடுவை எழுதியது:

அக்கா, படித்துவிட்டு ஐந்து நிமிடம் எழுந்திருக்கவே இல்லை. டப்பா இருக்கிறது.

4.12-இல் நிற்கிறது. மெத்தாக்சியை 3.00 என்று வைத்தால் அது 0.50. இரண்டு ஹைட்ரஜன், ஆகவே ஒரு மூலக்கூறு பொருளுக்குக் கால் மூலக்கூறு எத்தில் அசிடேட். 88-இல் கால் பங்கு 22. அதாவது 282 பங்கில் 260 பங்குதான் என் பொருள். 107 மி.கி.-இல் 98.7. ஈல்டு 76.

ஸ்லைடில் இருப்பது 82.


குறிப்பேட்டுக்காரர் எழுதியது:

வேதியியலை மேலே உள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை.

இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். ரியாக்ஷன் சரியான பிறகு வெற்றியோடு போய்ச் சொல்லலாம் என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. என் கேஸில் அந்த 'பிறகு' எட்டு மாதம் கழித்து வந்தது. அதற்குள் அந்த எண்ணை நம்பி ஜூனியர் ஒருத்தி அதற்கு மேல் மூன்று படி கட்டியிருந்தாள். அவள் மூலப்பொருள் போதவில்லை என்று அழுதபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கைடு என்னைத் திட்டியது நினைவில் இல்லை, அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறது.

போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். பன்னிரண்டு வரிசை, ஒரே தாள்: தேதி, எந்த பாட்டில், எப்படி உலர்த்தியது, ஈல்டு. 'வரவில்லை சார்' என்று சொன்னால் உங்கள் கையைப் பற்றிப் பேச்சு போகும். தாளைக் காட்டினால் ரியாக்ஷனைப் பற்றிப் போகும்.

நோட்புக்கில் முதல் நாள் பாஸ்பேட்டின் லாட் எண் (பாட்டிலில் இருக்கும் தயாரிப்புத் தொகுதி எண்) எழுதியிருந்தீர்களா? இல்லை என்று பந்தயம் கட்டுகிறேன். திறந்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள். ஆர்கானிக் சிந்தசிஸ் என்ற வருடாந்திரத் தொகுப்பு 1921-இல் இருந்து வருகிறது. அதில் வரும் ஒவ்வொரு செய்முறையையும் ஆசிரியர் குழு உறுப்பினர் ஒருவரின் லேப்பில் திரும்பச் செய்து பார்த்த பிறகுதான் போடுவார்கள். அதன் அடிக்குறிப்புகளைப் படித்திருக்கிறீர்களா? எந்தக் கம்பெனி, எத்தனை சதவீதத் தூய்மை, உலர்த்தியதா இல்லையா, கிளறும்போது என்ன நிறம் என்று பக்கம் பக்கமாகப் போகும். மாணவனாக இருந்தபோது அதைத் தாண்டிப் போவேன். இப்போது அதைத்தான் முதலில் படிக்கிறேன்.


காலம் ஓட்டுபவன் எழுதியது:

+1. ஆனால் தண்ணீர் சோதனையை இன்றைக்கே போட்டுவிட்டு நாளைக்குப் போய்ச் சொல்லுங்கள். ஒரு ராத்திரி தாமதம் பாவம் இல்லை.


மூன்றுகழுத்துக் குடுவை எழுதியது:

ஒன்பது நாள் ஆயிற்று. தாமதத்துக்குக் காரணம் எல்லாவற்றையும் இரண்டு தடவை போட்டேன். ஒரு தடவை மட்டும் போட்டுவிட்டு மகிழ்ந்ததால் வந்த வினைதானே இது.

எல்லாம் குளோவ் பாக்ஸ், எல்லாம் உலர்த்தியது, எல்லாம் ட்ரைமெத்தாக்சிபென்சீன் கணக்கு. தண்ணீர் இல்லாமல் 13, 12. 9 மைக்ரோலிட்டர் விட்டால் 48, 44. 27 விட்டால் 77, 78. 90 விட்டால் 74, 75. பழைய டப்பா, தண்ணீர் சேர்க்காமல்: 76, 76.

இரண்டாவது 76-ஐப் பார்த்தபோது லேப்பில் யாரும் இல்லை. இருந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன்.

டிஜிஏ: பழைய டப்பா பாஸ்பேட்டை 250 டிகிரி வரை ஓட்டியதில் எடை 14 சதவீதம் இறங்கியது. நான் எடுத்தது 212 மி.கி., அதில் 30 மி.கி. தண்ணீர். மூன்று ஈக்விவலன்ட்டுக்குச் சற்று அதிகம். அதாவது அந்த வெள்ளிக்கிழமை எனக்கே தெரியாமல் 30 மைக்ரோலிட்டர் விட்டிருக்கிறேன். பேஸ் 2 ஈக்விவலன்ட் போட்டதாக நோட்புக்கில் இருக்கிறது, உண்மையில் போனது 1.7.

எனக்கு வயிற்றெரிச்சல் டொலுவீன் மேல்தான். 2.5 மி.லி. டொலுவீனில் முழுக்கக் கரைந்தாலும் தண்ணீர் ஒரு மில்லிகிராம் அளவுதான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் சல்லடையில் வைத்துக் காத்திருந்தது எதற்கும் பயன்படவில்லை, கெடுக்கவும் இல்லை. கெடுத்தது எல்லாம் பாஸ்பேட்டையும் போரோனிக் அமிலத்தையும் உலர்த்தியது. 31-க்கும் 11-க்கும் நடுவில் ஏன் ஆடிக்கொண்டே இருந்தது என்பதும் புரிந்துவிட்டது. 31 வந்த அன்று மேசையிலேயே எடைபோட்டேன், தராசு ஆடுகிறது என்று இரண்டு தடவை திரும்ப எடுத்தேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் பாஸ்பேட் குடித்ததுதான் அது.

கைடு விஷயம். குறிப்பேட்டுக்காரர் சொன்ன மாதிரி ஒரே தாள் எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீர் சோதனையின் முதல் சுற்று மட்டும் அப்போது முடிந்திருந்தது. முதலில் 82 இல்லை சார், 76 என்று சொன்னேன். ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டு வரும் என்று நின்றுகொண்டிருந்தேன். 'இதை அஞ்சு வாரத்துக்கு முன்னாடியே கொண்டுவந்திருந்தா அந்தக் கூட்டத்தில வேற மாதிரி பேசியிருப்பேனே' என்றார். அவ்வளவுதான். அது திட்டைவிட மோசமாக இருந்தது. அப்புறம் ஸ்லைடைத் திறந்து 82-ஐ அழித்து 76 என்று அடித்தார், எனக்கு முன்னாலேயே. உடனே அடுத்த கேள்வி: 90 மைக்ரோலிட்டரில் ஏன் கொஞ்சம் இறங்குகிறது?

அதற்கு என்னிடம் விடை இல்லை. அனிசோல் பீக் 90-இல் கொஞ்சம் உயரமாக இருக்கிறது.


பழைய பாஸ்பீன் எழுதியது:

விடையை மறுபடியும் நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். தண்ணீர் கூடினால் போரான் கழன்று போவதும் கூடுகிறது. 1.5 ஈக்விவலன்ட் போட்டிருப்பதால் அவ்வளவாக அடி விழவில்லை. 1.1-க்கு இறக்கினால் 27-க்கும் 90-க்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும், கட்டுரைக்கு ஒரு நல்ல அட்டவணை ஆகும்.

பெரிய அளவுக்குப் போகும்போது கிளறும் வேகத்தைக் கவனியுங்கள். 0.5 மில்லிமோலில் சின்னக் குப்பி, எல்லாம் தானாகக் கலக்கும். பத்து மடங்கு ஆனால் ஈரமான பாஸ்பேட் அடியில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டு ஸ்டர் பாரே நின்றுவிடும்.


மூன்றுகழுத்துக் குடுவை எழுதியது:

அக்கா, உங்கள் வாக்கு பலித்துவிட்டது. நேற்று 5 மில்லிமோல் போட்டேன், தண்ணீர் 0.27 மி.லி. காலையில் வந்து பார்த்தால் பாஸ்பேட் அடியில் அப்பிக்கொண்டு, ஸ்டர் பார் அதன் மேல் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருக்கிறது. 38 சதவீதம். இன்று முட்டை வடிவ ஸ்டர் பாரும் உருண்டைக் குடுவையும் எடுத்து, பாஸ்பேட்டை நன்றாக அரைத்துப் போட்டிருக்கிறேன். இரவு எட்டு மணிக்குச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

லாட் எண், திறந்த தேதி, கிளறிய வேகம் எல்லாம் எழுதியாயிற்று. பழைய டப்பா மேல் 'தண்ணீர் 14 சதவீதம், தூக்கிப் போடாதீர்கள்' என்று சீட்டு ஒட்டினேன். இன்று பார்த்தால் பக்கத்து மேசைக்காரன் மூடியைச் சரியாக மூடாமல் வைத்திருக்கிறான். இனி அது 14-ஆக இருக்காது.